ஐந்து வினாடி நினைவு

(புனேயில் தமிழர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, சேதத்துக்கு மதிப்புப் போட்டுத் தரும் சர்வேயர் வேலையில் என் ஆயுளின் பெரும்பகுதி கழிந்தது. அந்த வேலையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் ஒரு மராத்தி வாக்கியம்தான்: "பிரேக் ஃபெயில் ஜாலா, சாஹேப்" (பிரேக் பிடிக்காமல் போய்விட்டது, ஐயா). லாரி ஓட்டுநர் சொல்வார், டெம்போ ஓட்டுநர் சொல்வார், புதுக் காரை வாங்கி ஒரு மாதம் ஆகாத ஐ.டி. கம்பெனிப் பையனும் சொல்வான். சில சமயம் அது உண்மை. பல சமயம் இல்லை. ஆனால் உண்மை இல்லாதபோதும் சொன்னவர் பொய்யர் என்று நான் நினைத்ததில்லை. பயத்தில் உறைந்த மனிதனுக்குத் தன் கால் பிரேக்கைத்தான் மிதித்தது என்று மனதார நினைவிருக்கும். கால் உண்மையில் எங்கே இருந்தது என்பது வேறு விஷயம்.

உயிரோடு இருப்பவர் வாக்குமூலம் கொடுக்கிறார். இறந்தவர் சார்பில் பேச யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விதான் என்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது.

நம்மில் பாதிப்பேர் தினமும் இறங்குகிற சரிவு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். காத்ரஜ் புதுச் சுரங்கத்தைத் தாண்டி நவலே பாலம் வரை சாலை நீளமாக இறங்குகிறது. 2022 நவம்பர் 20 அன்று இரவு அந்த இறக்கத்தில் வந்த ஒரு லாரி, முன்னால் போன வண்டிகளை வரிசையாக இடித்தது. சேதமான வண்டிகள் 48 என்று கணக்குச் சொன்னார்கள். முதலில் வந்த செய்தி வழக்கமான செய்திதான்: பிரேக் ஃபெயில். பிறகு வண்டியைச் சோதித்தபோது கதை மாறியது. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கியதாக முதற்கட்ட விசாரணையில் தெரிகிறது என்று காவல்துறை சொன்னது.

லாரியின் பிரேக் காற்றில் வேலை செய்கிறது. அந்தக் காற்றை அடைத்துக் கொடுக்கும் கம்ப்ரசரை ஓட்டுவது இன்ஜின். இன்ஜினை அணைத்தால் தொட்டியில் இருக்கிற காற்று மட்டும்தான் கையிருப்பு. சில தடவை மிதித்தால் அதுவும் தீரும். கியரில் இறங்கும்போது இன்ஜின் தானே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலமும் போய்விடும். ஸ்டீயரிங் கல்லாகிவிடும். அந்த நேரத்தில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார், பிடிக்கவில்லை என்றால் அது அவருக்கு உண்மை. ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு இன்ஜின் சுற்று எத்தனை என்று ஒரு பதிவு இருந்தால் போதும். சுழியம் என்று ஒரே எண் பதில் சொல்லியிருக்கும். ஐரோப்பாவில் லாரி, பஸ் ஓட்டுநர்களின் வேகத்தையும் ஓட்டிய நேரத்தையும் பதிக்கும் டாக்கோகிராஃப் பல பத்தாண்டுகளாகக் கட்டாயம். முதலில் வட்டக் காகிதத்தில் ஊசி கிறுக்கியது, இப்போது அட்டையில் எண்ணாகப் பதிகிறது. நம் சாதாரணச் சரக்கு லாரிகளில் அது கட்டாயமாக இருந்ததில்லை.

கார்களுக்கு வருகிறேன். கறுப்புப் பெட்டி என்றதும் விமானத்தில் இருப்பது நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவில் டேவிட் வாரன் 1950களில் உருவாக்கிய யோசனை அது. காரில் இருப்பது அதன் தூரத்து உறவு. பெட்டி கறுப்பாகவும் இருக்காது. முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவில், கியர் கம்பிக்குக் கீழே, தரைவிரிப்பையும் பிளாஸ்டிக் மூடியையும் கழற்றினால், கையகல அலுமினியப் பெட்டி ஒன்று தரையோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். மேலே ஒட்டிய தாளில் வண்டியின் முன்பக்கத்தைக் காட்டும் ஓர் அம்புக்குறி. அதற்குள் செருகியிருக்கும் இணைப்புகள் பளிச்சென்ற மஞ்சள் நிறம். மஞ்சள் என்றால் ஏர்பேக் சம்பந்தப்பட்டது, தொடாதே என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

அந்தப் பெட்டியின் முதல் வேலை பதிவு செய்வது இல்லை. மோதலா, வெறும் குழியில் இறங்கிய அதிர்ச்சியா என்று கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிவு செய்து ஏர்பேக்கை வெடிக்க வைப்பதுதான் அதன் வேலை. அதோடு கூடவே வேகம், முடுக்கி எவ்வளவு அழுந்தியிருக்கிறது, பிரேக் மிதிபட்டதா, இன்ஜின் சுற்று, சீட் பெல்ட் மாட்டியிருக்கிறதா என்பவற்றைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது, பழையதை அழித்துக்கொண்டே இருக்கிறது. மோதல் நேர்ந்தால் கடைசிச் சில வினாடிகளை அழிக்காமல் பூட்டி வைக்கிறது. அமெரிக்க விதி 2006இல் வந்தபோது மோதலுக்கு முந்தைய ஐந்து வினாடி, வினாடிக்கு இரண்டு முறை என்று அளவு வகுத்தார்கள். அது போதவில்லை என்று 2024 டிசம்பரில் இருபது வினாடி, வினாடிக்குப் பத்து முறை என்று உயர்த்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புதிய மாடல்களுக்கும், 2024 ஜூலை முதல் விற்கப்படும் எல்லாப் புதுக் கார்களுக்கும் இந்தப் பதிவு கட்டாயம். பேச்சு பதிவாகாது. நீங்கள் எங்கே போனீர்கள் என்பதும் ஐரோப்பிய விதிப்படி அதில் இருக்காது. இந்தியாவில் ஏர்பேக் உள்ள கார்கள் பலவற்றில் பெட்டி இருக்கிறது, பதிவும் இருக்கிறது. எதைப் பதியவேண்டும், யார் திறக்கலாம் என்று சொல்லும் கட்டாய விதிதான் இல்லை.

நம் மாநிலத்தில் இந்தப் பதிவு ஊரறியப் பேசப்பட்ட சம்பவம் ஒன்று உண்டு. 2022 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை மதியம். அகமதாபாத் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்துகொண்டிருந்த மெர்சிடிஸ் ஜி.எல்.சி. கார் பால்கர் மாவட்டத்தில் சரோட்டிக்கு அருகே, சூர்யா நதிப் பாலத்தின் தடுப்பில் மோதியது. டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரியும் அவருடைய நண்பர் ஒருவரும் இறந்தார்கள். இருவரும் பின்னிருக்கை, இருவரும் பெல்ட் போடவில்லை. முன்னால் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள்.

முதல் நாள் பேச்செல்லாம் வேகத்தைப் பற்றி. சோதனைச் சாவடிக் கேமராவில் கார் தெரிந்த நேரத்தையும் விபத்து நேரத்தையும் வைத்து, 20 கிலோமீட்டரை 9 நிமிடத்தில் கடந்தது என்று சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்கு 133 கிலோமீட்டர் வருகிறது. பிறகு பெட்டியைப் படித்த விவரம் வந்தது. மோதுவதற்கு ஐந்து வினாடி முன்பு வேகம் 100, மோதும்போது 89, பிரேக் மிதிக்கப்பட்டிருந்தது. எது சரி என்று டீக்கடை வரை சண்டை. இரண்டும் சரியாக இருக்கலாம். ஒன்று ஒன்பது நிமிடத்தின் சராசரி. மற்றது கடைசி ஐந்து வினாடி. நடுவில் நடந்தது என்ன என்பது இரண்டிலும் இல்லை.

இந்த எண்களோடு இன்னும் கொஞ்சம் உட்காருவோம், ஏனென்றால் பெட்டி என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பது இங்கேதான் புரியும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் வினாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் ஓடும். அந்த ஐந்து வினாடியில் சுமார் 130 மீட்டர் கடந்திருக்கும். நல்ல காரில், காய்ந்த சாலையில், பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தால் 100இலிருந்து நிற்க நாலு வினாடி போதும். இங்கே ஐந்து வினாடியில் குறைந்தது 11 கிலோமீட்டர்தான். ஆகவே பிரேக் மிதிக்கப்பட்டது என்ற ஒற்றை வரி எவ்வளவு அழுத்தம், எந்தக் கணத்திலிருந்து என்று சொல்லவில்லை. பாதம் லேசாகப் பட்டாலும் பதிவில் 'ஆன்', பலகை நசுங்க மிதித்தாலும் 'ஆன்'. இதைச் சொல்லி அன்று ஓட்டியவர் மேல் பழி போட நான் வரவில்லை. வெளியே வந்த சுருக்கத்தை வைத்து யாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது என்றுதான் சொல்கிறேன். இன்னொன்று: 100க்கும் 89க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் குறைந்திருந்தது. மீதி நாலு பங்கும் பின்னிருக்கையில் பெல்ட் இல்லாமல் இருந்தவர்கள் மேலும் இறங்கியது.

அந்த இடத்தில் மூன்று வழித்தடம் பாலத்துக்கு முன்னால் இரண்டாகச் சுருங்குகிறது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் சாலை ஓரத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது என்று ஆராய வந்த நிபுணர் குழு குறை சொன்னது. காரின் பெட்டிக்குச் சுவர் தெரியாது, வழித்தடம் சுருங்கியது தெரியாது. பெட்டியை மட்டும் கேட்டால் எல்லா விபத்தும் ஓட்டுநர் தவறாகவே தெரியும். ஏனென்றால் அது கவனிப்பதே ஓட்டுநரின் கையையும் காலையும்தான். டயர் தடத்தை அளந்து, கண்ணாடித் தூள் சிதறிய தூரத்தைக் குறித்து, சாலையையும் பார்க்கிற ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும். அப்படிச் செய்கிற ஜே.பி. ரிசர்ச் இந்தியா கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் என்பது நமக்குப் பெருமை. மும்பை - புனே எக்ஸ்பிரஸ்வேயில் விபத்து நடந்த இடத்துக்கே போய் அளந்து அவர்கள் சேர்த்த தகவல்கள், ஒவ்வொரு விபத்திலும் ஓட்டுநர், வண்டி, சாலை மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தன.

சரோட்டி விஷயத்தில் என்னை உறுத்தியது வேறு. அந்தக் காரின் தரவை வெளியே எடுத்து வாசிக்கத் தயாரித்த நிறுவனத்தைத்தான் நாட வேண்டியிருந்தது. தரவு ஜெர்மனி போய்த்தான் மொழிபெயர்ந்து வரும் என்றார்கள். அந்த நிறுவனம் ஒளித்தது என்று நான் சொல்லவில்லை, ஒத்துழைத்தார்கள். ஆனால் பிரேக் சரியாக இருந்ததா என்பதும் விசாரணையின் கேள்விகளில் ஒன்று என்னும்போது, அந்தப் பிரேக்கைச் செய்தவர் கையில் மட்டும் சாவி இருப்பது முறையா? கார் பெரிய மனிதருடையது, நாடே பார்த்துக்கொண்டிருந்தது, பதில் சில நாளில் வந்தது. சாஸ்வடுக்குப் போகும் வழியில் இரவில் மோதிய ஒரு சாதாரணக் காருக்கு யார் ஜெர்மனிக்கு எழுதுவார்கள்? பல நிறுவனங்களின் பெட்டிகளை வாசிக்கும் பொதுக் கருவியை பாஷ் நிறுவனம் பல ஆண்டுகளாக விற்கிறது. எல்லாக் கார் நிறுவனங்களும் அதற்குக் கதவு திறக்கவில்லை. திறக்க வைக்க ஒரு விதி போதும். வாகனங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும், 1966இல் தொடங்கிய ஏ.ஆர்.ஏ.ஐ. இதே புனேயில், நம் வேதாள் மலைமேல் இருக்கிறது. சாலைப் போக்குவரத்துக்கான மத்திய நிறுவனம் போசரியில் இருக்கிறது. பெட்டி வாசிக்கும் அரசுக் கூடம் ஒன்றை இந்த ஊரில் அமைக்காமல் வேறெங்கே அமைப்பது?

கல்யாணி நகரைப் பற்றிச் சொல்லாமல் புனேயில் விபத்தைப் பற்றிப் பேச முடியாது. 2024 மே 19, அதிகாலை இரண்டரை மணி சுமார். பதினேழு வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்பட்ட போர்ஷே கார் ஒரு மோட்டார்சைக்கிளை இடித்தது. மத்தியப் பிரதேசத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். வேலை தேடி வேற்றூர் வந்த பிள்ளைகள். இந்த அரங்கில் அதே போன்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருக்கிறீர்கள். அன்றே ஜாமீன், கூடவே 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொன்ன நிபந்தனை. அதற்குப் பிறகு வந்த குற்றச்சாட்டுதான் ஊரை உலுக்கியது: அரசு மருத்துவமனையில் ரத்த மாதிரியே மாற்றப்பட்டது என்றார்கள், மருத்துவர்கள் கைதானார்கள். குடும்ப ஓட்டுநரைப் பழி ஏற்கச் சொல்லி நெருக்கினார்கள் என்றும் வழக்கு. ஆர்.டி.ஓ. அதிகாரிகள் முன்னிலையில் போர்ஷே நிறுவனத்தின் ஆட்களும் வந்து காரைப் பார்த்தார்கள். பதிவுக் கட்டணம் 1,758 ரூபாய் கட்டாமல், நிரந்தர எண் இல்லாமல் ஓடிய கார் அது.

வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ரத்தத்தை மாற்றலாம், சாட்சியை மாற்றலாம் என்று சந்தேகப்பட வேண்டிய இடத்தில், பூட்டிய பதிவை மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை. அதே சமயம் யார் ஓட்டினார் என்று பெட்டியைக் கேட்டால் அதற்குத் தெரியாது. பெல்ட் மாட்டியிருந்ததா என்று சொல்லும், மாட்டியவர் பெயரைச் சொல்லாது.

பெட்டியின் இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும், ஏனென்றால் அது நம் ஊரைத்தான் அதிகம் தொடுகிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். பெட்டி விழித்துக்கொள்ள ஓர் அளவு அதிர்ச்சி வேண்டும். ஒன்றரை டன் கார், நடந்துபோகும் ஒரு பாட்டியை இடித்தால் காருக்கு அது அதிர்ச்சியே இல்லை. ஏர்பேக் விரியாது, பல கார்களில் எதுவும் பூட்டப்படாது. உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றப் பிறந்த பெட்டி அது, வெளியே இருப்பவரை அது எண்ணவில்லை. புதிய பன்னாட்டு விதிகள் பாதசாரிப் பாதுகாப்புக் கருவி இயங்கினாலும் பதியவேண்டும் என்கின்றன. ஸ்கூட்டர்கள் ஓடும் ஊரான நமக்கு அந்த அளவை இன்னும் கீழே இறக்கி எழுதவேண்டும். வெளிநாட்டு விதியை வரிக்கு வரி நகலெடுத்தால் நம் இறப்புகளில் பாதி அதற்குள் வராது.

பெட்டியோடு மற்றத் தடயமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியாவைப் பாருங்கள். 2024 ஜூலை 1 அன்று சியோல் நகர மன்றத்துக்கு அருகே ஒரு கார் எதிர்த்திசையில் பாய்ந்து 9 பேர் இறந்தார்கள். பிரேக் பிடிக்கவில்லை, கார் தானாகப் பாய்ந்தது என்றார் ஓட்டுநர். பெட்டியின் பதிவு முடுக்கிதான் மிதிபட்டது என்றது. தடயவியல் துறை அதோடு நிற்கவில்லை. முடுக்கிப் பலகையின் வரிகள் ஓட்டுநரின் காலணி அடிப்பாகத்தில் பதிந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். எண்ணும் காலணித் தடமும் ஒன்றையே சொன்னபோதுதான் அது பலமான சாட்சியானது.

இப்போது நம் ஊர் நடைமுறை. விபத்து நடந்ததும் க்ரேன் வரும், போக்குவரத்து நெரிசல் தீரவேண்டும் என்று வண்டியை இழுத்துப்போய்க் காவல் நிலையத்து ஓரம் நிறுத்துவார்கள். பஞ்சநாமா என்னும் போலீஸ் பார்வைக் குறிப்பில் முன் பம்பர் உடைந்தது, கண்ணாடி உடைந்தது என்று வரி வரியாக எழுதுவார்கள். பெட்டியைப் பற்றி ஒரு வரி இருக்கிற பஞ்சநாமாவை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆவது பிரிவு, ஆய்வு முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் வண்டியை உரிமையாளரிடம் திருப்பித் தரச் சொல்கிறது. ஏழை டாக்சிக்காரர் பிழைப்பு கெடக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த பிரிவு அது. ஆனால் ஆய்வு என்பதற்குள் பெட்டி வரவில்லை என்றால், திரும்பிப் போகும் வண்டியோடு சாட்சியும் போய்விடும்.

பல வருடத்துக்கு முன் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். லாரியோடு மோதிய ஒரு சின்னக் கார். ஓட்டியவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். அதிவேகமாக வந்து, தூங்கிப்போய்த் தவறான பக்கம் ஏறினார் என்பது லாரிக்காரர் வாக்குமூலம். வேறு சாட்சி இல்லை. இறந்தவரின் மனைவி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, அவர் பிரேக் போட்டாரா?" இழப்பீட்டுத் தொகையைப் பற்றி அந்த அம்மா பேசவே இல்லை. அவர் தூங்கவில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பதில் அந்தக் காருக்குள் இருந்தது. நான் தேடிப் போனபோது கார் கைமாறி ஒரு பழைய இரும்புக் கிடங்கில் கிடந்தது. கியர் கம்பியைச் சுற்றி மூடியைப் பிடுங்கியிருந்தார்கள். தரையில் போல்ட் இருந்த துளைகள், பக்கத்தில் அறுத்து விட்ட மஞ்சள் வயர்கள். பழைய பெட்டிக்கு நல்ல விலை உண்டு. உள்ளே இருக்கும் மோதல் பதிவை அழித்துவிட்டு வேறு காரில் பொருத்துவார்கள். யாரோ ஒருவருடைய கடைசி ஐந்து வினாடியை ஒரு மடிக்கணினியை மாட்டி அழித்திருப்பார்கள். அந்த அம்மாவிடம் போய்த் தெரியவில்லை என்று சொன்னேன்.

சட்டம் முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குத் தரவேண்டும். சென்னை ஐ.ஐ.டி. துணையோடு உருவான விபத்துத் தரவுத் தளம் நாடு முழுவதும் காவலர் கைபேசியில் இருக்கிறது. பெட்டி எடுக்கப்பட்டதா என்று ஒரு கட்டம் அதில் சேர்ப்பது பெரிய வேலையே இல்லை. மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில், நம் ஜால்னா தொகுதித் தேர்தல் வழக்கில், உறுதியாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவு, அந்தச் சான்றிதழில் தரவின் ஹாஷ் எண்ணையும் கேட்கிறது. தரவில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும், உடைத்தால் தெரிந்துவிடும் அரக்கு முத்திரை மாதிரி. அதாவது முறையாக எடுத்தால் நிற்கும், மெக்கானிக் திரையைப் போட்டோ எடுத்துக் கொடுத்தால் நிற்காது.

இந்தத் தரவு என்னுடையதா, கம்பெனியுடையதா, போலீஸுடையதா என்று இளைஞர்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 2015இல் வந்த சட்டம் அது வண்டி உரிமையாளருடையது என்கிறது. நீதிமன்ற உத்தரவு இருந்தால் மற்றவர் பார்க்கலாம். நான் அந்தப் பக்கம்தான். நீங்கள் தினமும் எவ்வளவு வேகத்தில் போகிறீர்கள் என்று காப்பீட்டுக் கம்பெனி எட்டிப் பார்க்கக்கூடாது. ஆனால் ஒருவர் இறந்துபோனால் அந்த ஐந்து வினாடி உரிமையாளருக்கு மட்டும் சொந்தமாக இருக்க முடியாது. இறந்தவர் வீட்டுக்கும் ஒரு நகல் போகவேண்டும்.

விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. யாருக்கும் விபத்து வரக்கூடாது. வந்தால், முதல் இரண்டு நாளைக்குள் விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் ஒரு மனு கொடுங்கள்: மோதிய வண்டிகளின் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கைப்பற்றி முத்திரையிட வேண்டும், தரவு எடுக்கும்வரை வண்டியை விடுவிக்கவோ பேட்டரி இணைப்பைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கவோ கூடாது, எடுக்கும்போது எங்கள் தரப்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்று. பெற்றுக்கொண்டதற்கு நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தீர்ப்பாயம் பின்னால் அந்த நகலைத்தான் கேட்கும்.

மனுவை மராத்தியிலும் தமிழிலும் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேஜையில் இருக்கிறது. வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், வண்டியின் காப்பீட்டுத் தாளோடு சேர்த்து வையுங்கள்.